எடைக்கல் யாருடையது?

உதுமானிய ஆட்சியில் 1915இல் ஆர்மீனியர்களுக்கு நேர்ந்தது இனப்படுகொலையே என்று 2001இல் சட்டம் இயற்றியது பிரான்ஸ். அதை மறுப்போருக்குத் தண்டனை என்ற மசோதா 2011இல் அதன் கீழ்ச்சபையில் நிறைவேறியது. அல்ஜீரியாவில் இனப்படுகொலை செய்தது பிரான்ஸ்தான் என்று திருப்பிக் கேட்டார் அன்றைய துருக்கிப் பிரதமர் எர்டோகன்.

நியாயமான கேள்விதான்! அல்ஜீரியாவை 132 ஆண்டுகள் அடிமைப்படுத்திய நாடு அது. 1945 மே மாதம் செதீஃப், கெல்மா பகுதிகளில் விடுதலை கேட்டவர்களை ஆயிரக்கணக்கில் கொன்று குவித்த நாடு அது.

ஆனால் சிந்தியுங்கள்! சாட்சி சொல்பவனும் திருடன் என்பதால் களவு இல்லையென்று ஆகிவிடுமா? அல்ஜீரியரின் இரத்தம் ஆர்மீனியரின் இரத்தத்தைக் கழுவாது. அடுத்த கடைக்காரனின் எடைக்கல்லைத் தாராளமாகச் சோதியுங்கள். நம் கல்லையும் அதே தராசில் வையுங்கள்! பிரான்சிடம் கேட்க வேண்டியதும் இதுதான். துருக்கியிடம் கேட்க வேண்டியதும் இதுதான்.