மண் தின்னும் மருந்தும் தின்னாத மருந்தும்

“மண் தின்றுவிடும், பயப்படாதே!” புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்கள் கிணற்றைப் பற்றியோ பாரிட் தண்ணீரைப் பற்றியோ வாய் திறந்தால் கிடைக்கும் பதில் இதுதான். முன்பு துரை சொன்னார்; இன்று மானேஜர் சொல்கிறார். அவர் சொன்னதைக் கிராணியார் சொல்வார். கிராணியார் சொன்னதைத் தண்டல் பிரட்டுக் களத்தில் சொல்வார். இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று கேட்க நமக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

பாதி உண்மை. அதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

ஒரு சிட்டிகை மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக் கிருமிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. கிருமி என்றதும் காய்ச்சலும் பேதியும் நினைவுக்கு வரும். நாம் சொல்பவை உதிர்ந்த கித்தா இலையை மக்கவைத்து மரத்துக்கே உரமாகத் திருப்பித் தருகிறவை. அவற்றுள் சில, நாம் அடிக்கும் மருந்தையும் உணவாக்கிக்கொள்கின்றன. 2,4-டி என்ற களை மருந்தை லண்டன் பெட்போர்டு கல்லூரியைச் சேர்ந்த ஆடஸ் என்னும் விஞ்ஞானி மண்ணுக்குள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். அந்தச் சோதனை 1949இல் வெளிவந்தது. முதலில் சில நாட்கள் மருந்து அதிகம் குறையவில்லை. பிறகு மளமளவென்று குறைந்து மறைந்தது. அதே மண்ணில் மறுபடியும் ஊற்றியபோது காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. மருந்தைத் தின்னத் தெரிந்த கிருமிகள் அதற்குள் பெருகிவிட்டன.

அவை எப்படித் தின்கின்றன என்பதும் பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் தெரிந்தது. கிருமி முதலில் காற்றிலுள்ள ஆக்சிஜனைக்கொண்டு மருந்தின் ஒரு பக்கத்தை வெட்டிவிடுகிறது. பிறகு மிஞ்சிய வளையத்தை உடைக்கிறது. அதிலிருக்கும் குளோரின் உப்பாகக் கழிந்துபோகிறது. கரி கிருமிக்குச் சாப்பாடாகிறது. வெயிலும் ஈரமும் காற்றும் உள்ள மேல்மண்ணில் ஓரிரு வாரத்தில் பாதி மருந்து போய்விடும். கிளைபோசேட்டும் இப்படி உடைவதுதான். ஆனால் அதில் ஆம்பா என்ற ஒரு துண்டு மிஞ்சி, மெதுவாகத்தான் போகும்.

நிற்க. மேலே சொன்னதில் ‘காற்று’ என்ற சொல்லைக் கவனித்தீர்களா?

நம் பாகான் டத்தோ, பேராக் ஆறு கடலில் விழும் இடத்துத் தாழ்ந்த பூமி. கடல் ஒதுக்கிய களிமண். வரப்புக் கட்டி, மதகு வைத்து, பாரிட் வெட்டித்தான் இங்கே தென்னையும் கித்தாவும் போட்டார்கள். கித்தா நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. மண் மாறவில்லை. மண்வெட்டியால் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது. நீர் நின்ற மண்ணில் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் மேலே சொன்ன வெட்டு நடப்பதில்லை; வேறு வகைக் கிருமிகள் இருந்தாலும் அவற்றின் வேலை மிக மந்தம். இன்னும் கீழே, நிலத்தடி நீரில், கிருமிகளும் குறைவு, அவை வாழ்வதற்கு வேண்டிய மக்கும் குறைவு. ஆகவே மேல்மண்ணில் தங்கித் தின்னப்பட்டால் உண்டு. மருந்தடித்த அன்றே பெருமழை கொட்டிக் கீழே இறங்கிவிட்டால், அந்த மருந்துக்கு ஆயுள் கெட்டி.

இதற்கு ஐரோப்பாவில் ஒரு பாடம் இருக்கிறது. அட்ரசீன் என்ற மருந்தைத் தின்னும் கிருமியை அமெரிக்க விஞ்ஞானிகள் 1995இல், மருந்து கொட்டிக்கிடந்த மண்ணிலிருந்தே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். கிருமி இருக்கிறது என்று ஐரோப்பியர் சும்மா இருந்துவிடவில்லை. நிலத்தடி நீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற அவர்களுடைய வரம்பை அந்த மருந்து தாண்டிக்கொண்டே இருந்தது. 2003இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். தின்கிற கிருமி மேலே இருக்க, மருந்து கீழே போய்விட்டால் யாருக்கு என்ன பயன்?

இனி, நம் பெண்கள் முதுகில் அதிகம் சுமந்த மருந்துக்கு வருவோம். பாராகுவாட் 1962இல் கிராமக்சோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இதைக் கிருமிகளுக்குத் தின்னத் தெரியாது என்று சொல்ல முடியாது. நீரில் கரைந்திருந்தால் சில மண் நுண்ணுயிர்கள் அதையும் உடைக்கும். ஆனால் களிமண்ணைக் கண்டால் இது காந்தம்போல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் புல்லைக் கொல்லாது. அதனால்தான் “மண்ணில் பட்டால் விஷம் முறிந்தது” என்று விற்றார்கள். முறியவில்லை, ஒளிந்துகொண்டது. களிமண் இடுக்கில் புகுந்ததைக் கிருமியால் எட்ட முடியாது. வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மழையில் கலங்கி ஓடும் சேற்றோடு பாரிட்டுக்கும் போகும்.

மண்ணைப் பற்றிய இந்த வாதம் மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதையும் நாம் மறந்துவிட்டோம். மண் தின்னட்டும், தின்னாமல் போகட்டும். ஒழுகும் பம்பு நனைப்பது அடிப்பவளின் முதுகை. 2002இல் தெனாகானித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் படும் பாட்டை ஆராய்ந்து வெளியிட்டது. அதே வருஷம் அரசாங்கம் பாராகுவாட்டுக்குப் படிப்படியாகத் தடை என்று அறிவித்தது. 2006இல் அந்தக் கதவு மறுபடி திறக்கப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான். நடுவில் போன வருஷங்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

அதற்கும் முந்திய தலைமுறை லாலாங்கை அழிக்கச் சோடியம் ஆர்சனைட்டை அடித்தது. இது பாஷாணம். எந்தக் கிருமியும் இதை இல்லாமல் ஆக்க முடியாது. ஏனென்றால் ஆர்சனிக் ஒரு மூலப்பொருள், உடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. கிருமிகள் அதை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றத்தான் செய்யும். காற்றுள்ள மண்ணில் விஷம் குறைந்த வடிவாக மாற்றும். நீர் தேங்கிய மண்ணில் கொடிய வடிவாகத் திருப்பி, தண்ணீரிலும் கரைத்துவிடும். இது என்ன செய்யும் என்பதை, நம்மோடு வேலை செய்யும் வங்காள தேசத்துச் சகோதரர்களைக் கேளுங்கள். அவர்கள் ஊரில் யாரும் மருந்தடித்து வந்ததல்ல. இயற்கையாக மண்ணில் இருந்த ஆர்சனிக்தான் இப்படிக் கரைந்து லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைக் கெடுத்தது. இங்கே பழைய மருந்து ஸ்டோர் இருந்த இடத்தில் யாராவது கிணறு வெட்டியிருந்தால், அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்கச் சொல்லும் தைரியம் நமக்கு இல்லை. லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு.

புல்லை வளரவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நிரைக்குள் புல் மண்டினால் பால் வெட்டுகிறவருக்குத்தான் கஷ்டம், பாம்புப் பயம் வேறு. மருந்து அடிக்கட்டும். ஆனால் எந்த மருந்து, எந்த நாள், எந்தக் காடு என்று தெரிந்து அடிக்கட்டும். ஆபத்தான ரசாயனங்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வந்த விதிகளின்படி, அவற்றின் பட்டியலை வைத்திருக்கவும், ஆபத்தை மதிப்பிடவும், தொழிலாளிக்கு விளக்கிப் பழக்கவும் முதலாளி கடமைப்பட்டவர். இது சலுகை அன்று, சட்டம்.

கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. ஸ்டோர்ப் புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது. டின் எத்தனை என்று எழுதுவதோடு நிறுத்தாமல், மருந்தின் பெயரையும் அடித்த இடத்தையும் எழுதுங்கள். கேட்கும் தொழிலாளிக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பம்பைப் பாரிட்டில் கழுவுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பாரிட்டில் ஊற்றுவது மண்ணையே தொடாமல் நேராகத் தண்ணீருக்குப் போகிறது. கிருமிக்கு அங்கே வேலையும் இல்லை, நேரமும் இல்லை. அதே பாரிட்டோரம்தான் மாலையில் கங்கோங் பறிக்கிறார்கள், பிள்ளைகள் செப்பாட் பிடிக்கிறார்கள். கழுவிய தண்ணீரையும் புல் உள்ள காட்டிலேயே, மேல்மண்ணில் பரவலாகத் தெளிக்க வேண்டும்.

அடுத்த பிரட்டில் யாராவது “மண் தின்றுவிடும்” என்றால், டின்னைக் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள பெயரை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லுங்கள்.