நிலம் வாங்க வர்றீங்களா? தண்ணியையும் பாருங்க

சனி, ஞாயிறு ஆனா ஏலகிரி மலைக்குச் சென்னை, பெங்களூரு கார்தான். இறங்கி வரும்போது வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் நிலம் கிடைக்குமான்னு விசாரிக்கிறாங்க. தாராளமா வாங்குங்க. ஆனா மலையும் தென்னந்தோப்பும் கண்ணுக்குத் தெரியும். கிணத்துத் தண்ணி எப்படின்னு தெரியாது. தோல் தொழிற்சாலைக் கழிவால இந்த வட்டாரத்துல சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பாழாச்சுன்னு உச்ச நீதிமன்றத்தோட 1996 தீர்ப்பே சொல்லுது. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி மண்ணையும் தண்ணியையும் பரிசோதனைக்குக் கொடுங்க.

வாங்கின பிறகு வேலி போட்டு, விலை ஏறட்டும்னு பூட்டிட்டுப் போயிடாதீங்க. பக்கத்து வயல்ல நாங்க பயிர் வைக்கிறோம். பாலாறு சுத்தமாகணும்னு நாங்க கொடுக்கிற மனு மேசையிலேயே கிடக்குது. நிலம் வாங்கின நீங்களும் கையெழுத்துப் போட்டா கொஞ்சமாவது நகரும்.