என்ன படிப்பது என்று தெரியாத பிள்ளை



மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் நம் இல்லங்களில் எழும் கேள்வி ஒன்றே: "அடுத்து என்ன?" மதிப்பெண் பட்டியலோடு நிற்கும் பிள்ளையிடம், "நீ என்னவாகப் போகிறாய்?" என்று கேட்கிறோம். மாமா ஒரு படிப்பைச் சொல்கிறார். பக்கத்து வீட்டார் வேறொன்றைச் சொல்கின்றனர். பிள்ளையோ வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைச் சோம்பல் என்றும் பொறுப்பின்மை என்றும் கருதிவிடுகிறோம். உண்மையில், பதினேழு வயதில் தன் வாழ்க்கைப் பணி இன்னதென்று அறியாதிருப்பது குற்றமன்று, இயல்பு. ஆயினும் அந்தக் குழப்பத்தின் நடுவே அவசரமாக எடுக்கும் முடிவுக்காக நிலத்தை விற்கும் குடும்பங்களும், நகையை அடகு வைக்கும் குடும்பங்களும் உண்டு. ஆகவே இதனைச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நம் கடமை.

திருத்தணியில் வாழும் நாம் இதற்கு விளக்கம் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் இவ்வூரில் பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் பிறந்த நாளைத்தான் 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். தெலுங்கு பேசும் எளிய குடும்பம். தந்தையார் ஜமீனில் வருவாய்த் துறையின் சிறு அலுவலர். உதவித்தொகைகளின் துணையால் திருப்பதி லுத்தரன் மறைபரப்புப் பள்ளியிலும், வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் பயின்று, பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார்.

அங்கே அவர் தத்துவத்தைத் தேர்ந்தெடுத்தது எவ்வாறு? மெய்ப்பொருள் தேடும் வேட்கையாலா? எதிர்காலத்தைக் கணக்கிட்டா? இரண்டும் இல்லை. அக்கல்லூரியில் பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். புதிய நூல்கள் வாங்க வசதியற்ற மாணவருக்கு அதுவே முடிவாயிற்று. பின்னாளில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக அமர்ந்தவரின் படிப்பு, கைக்கு வந்த பழைய புத்தகங்களால் தீர்மானிக்கப்பட்டது!

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் எதில் சேர்ந்தாலும் ஒன்றுதான், எல்லாம் தானே அமையும்" என்று எண்ணிவிடக் கூடாது. புத்தகங்கள் அவரை வகுப்பறை வரையில் மட்டுமே கொண்டு சேர்த்தன. அதற்குப்பின் நிகழ்ந்ததையே நாம் கவனிக்க வேண்டும். இந்து சமயத்தைப் பற்றிக் கிறித்தவ ஆசிரியர்கள் எழுப்பிய விமரிசனங்கள் அவர் உள்ளத்தைத் தைத்தன. அவை உண்மையா, பொய்யா என்று அறியாமல் அவரால் இருக்க முடியவில்லை. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையாகவே தம் எம்.ஏ. ஆய்வுரையை எழுதினார். 1908-இல் அது நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது இருபது. அந்த ஆய்வைப் பாராட்டியவர்களுள் ஒருவர் அதே கல்லூரியின் கிறித்தவப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் என்பது நம் நினைவில் நிற்க வேண்டிய செய்தி. தம் கருத்தோடு மாறுபடும் மாணவனின் உழைப்பையும் மனமுவந்து போற்றும் ஆசிரியர் வாய்ப்பது பெரும்பேறு.

ஆக, தற்செயலாக வந்த பாடம் அவருக்குச் சொந்தமானது ஒரு கேள்வியால். அக்கேள்விக்காகச் செலுத்திய உழைப்பால். 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் பணி, 1918-இல் மைசூர், 1921-இல் கல்கத்தா, 1936-இல் ஆக்ஸ்போர்டு, 1952-இல் குடியரசுத் துணைத் தலைவர், 1962-இல் குடியரசுத் தலைவர் என்று அவர் பாதை விரிந்தது. புத்தகங்களைப் பெற்றுக்கொண்ட நாளில் இவற்றுள் ஒன்றேனும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா?

மற்றொரு குடியரசுத் தலைவரின் இளமை இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. இராமேசுவரத்துச் சிறுவர் அப்துல் கலாம், திருச்சிராப்பள்ளியில் இயேசு சபைக் குருக்கள் நடத்தும் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பட்டம் பெற்ற பின்னரே, இயற்பியல் தமக்குரிய துறையன்று, பொறியியலே தம் கனவுக்கு வழி என்று உணர்ந்தார். 1954-இல் பட்டம் பெற்றபின் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்கச் சென்றார். அதற்கான பணத்துக்காக அவர் தமக்கை ஸோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பின்னரும் விமானப்படை விமானி ஆகும் ஆசை நிறைவேறவில்லை. எட்டு இடங்களுக்கு நடந்த தேர்வில் ஒன்பதாவதாக நின்றார். ஆனால் கற்ற இயற்பியலும் வீணாகவில்லை, பொறியியலும் வீணாகவில்லை. முதல் படிப்பே முடிவான படிப்பு என்ற விதி எங்கும் இல்லை.

இவ்விருவரும் விதிவிலக்கானவர்கள் என்று நீங்கள் கூறலாம். உண்மையே. அக்காலத்தில் பட்டதாரிகள் சிலர். இன்று தெருவுக்குத் தெரு பட்டதாரிகள் உளர். எனவே குழப்பத்தில் உள்ள பிள்ளைக்கு ஆறுதல் மட்டும் போதாது, வழிமுறையும் வேண்டும்.

முதலாவது, எந்தப் படிப்பு எந்தக் கதவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்று பாருங்கள். மருத்துவத்துக்கு உயிரியல் வேண்டும். பொறியியலின் பெரும்பாலான பிரிவுகளுக்குக் கணிதமும் இயற்பியலும் வேண்டும். இவை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவை. ஆனால் இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்கும், வங்கி அலுவலர் தேர்வுக்கும், மாநில அரசின் குரூப் 1 தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டமே போதும். எந்தப் பட்டம் பெற்றவரும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர முயலலாம். ஆசிரியராக விரும்புவோர் பள்ளியில் கற்பிக்கப்படும் பாடம் ஒன்றில் பட்டம் பெற்றபின் பி.எட். படிக்கலாம். எதிர்காலம் தெளிவாகாத பிள்ளைக்குத் தமிழ், ஆங்கிலம், வரலாறு, கணிதம், வணிகவியல் போன்ற அடிப்படைப் பாடங்கள் பல கதவுகளைத் திறந்தே வைக்கின்றன. கவர்ச்சியான புதுப் பெயர் தாங்கிய படிப்பாயின், அரசுப் பணிக்கு அது எந்தப் பட்டத்துக்கு இணையாக ஏற்கப்படுகிறது என்று சேருமுன் கேட்டறியுங்கள்.

இரண்டாவது, முடிவு உறுதியாகாத இடத்தில் பெருங்கடன் வாங்காதீர்கள். இதனை வற்புறுத்திச் சொல்கிறேன். விருப்பமற்ற படிப்பில் நன்கொடை கொடுத்துச் சேர்த்துவிட்டால், பிள்ளை தவறான இடத்தில் இருப்பதை உணர்ந்தாலும் வெளியே வர அஞ்சும். கடன் அவன் வாயை அடைத்துவிடும். வங்கிக் கல்விக் கடனையும் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டுக்குள் திருப்பத் தொடங்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். நம் ஊரிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. குறைந்த கட்டணத்தில் பட்டம் பெற அது வழி. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், மாணவருக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆகியவற்றின் விவரங்களைக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். விசைத்தறியின் கூலியில் வாழும் குடும்பத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் சிறிய தொகையன்று.

மூன்றாவது, "நீ என்னவாகப் போகிறாய்?" என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு வேறு கேளுங்கள். எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாய்? எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போவது தெரிவதில்லை? எந்த ஆசிரியரின் வகுப்புக்காகக் காத்திருந்தாய்? இவற்றுக்குப் பிள்ளை விடை கூறும். அந்தத் துறையில் உள்ள ஒருவரிடம் அழைத்துச் சென்று ஒருநாள் அவருடைய வேலையைப் பார்க்கச் செய்யுங்கள். எல்லையோரத்தில் வாழும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழோடு தெலுங்கும் அறிவர். மதிப்பெண் பட்டியலில் இடம் பெறாத இத்தகைய ஆற்றல்களையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நான்காவது, சேர்ந்தபின் முதலாண்டை முழுமையாகக் கொடுக்க வேண்டும். தம்பி, தங்கையரே, இது உங்களுக்கு. அரைமனத்தோடு படிப்பவனுக்கு எந்தப் பாடமும் பிடிப்பதில்லை. ஊன்றிப் படித்த பின்னரும் ஒட்டவில்லையாயின், பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாறுவது மானக்கேடன்று. மறைப்பதே பிற்காலத்தில் துன்பம் தரும்.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குக் கிட்டாத படிப்பைப் பிள்ளையின் தோளில் ஏற்றாதீர்கள். உங்கள் தியாகத்தை நாள்தோறும் நினைவூட்டி அவனை மௌனமாக்காதீர்கள். மகனுக்குப் பொறியியல், மகளுக்கு ஏதோ ஒரு பட்டம் என்று பிரிக்காதீர்கள். குழம்பி நிற்கும் பிள்ளைக்கு வேண்டியது, தவறினாலும் திரும்பி வர வீட்டின் கதவு திறந்திருக்கும் என்ற உறுதி.

அந்த உறவினர் கொடுத்தவை பழைய புத்தகங்கள். அவற்றோடு கட்டளை எதையும் சேர்த்துக் கொடுக்கவில்லை. நாமும் நம் பிள்ளைகளின் கையில் நல்ல புத்தகங்களைக் கொடுப்போம். உண்மையான தகவல்களைக் கொடுப்போம். சுமக்கக்கூடிய செலவில் ஒரு தொடக்கத்தைக் கொடுப்போம். எஞ்சியதை அவர்கள் தேடட்டும்.