கம்பைலரைக் கொன்னது யாரு?

விடிஞ்சா ப்ராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்கிரீன்ல 'இன்டர்னல் கம்பைலர் எரர்: கில்ட்'னு ஒரு வரி. பார்த்தவங்க எல்லாம் கை தூக்குங்க. நான் ரெண்டு கையையும் தூக்கறேன்!

இடம், திருவொற்றியூர்ல எங்க வீட்டு மொட்டை மாடி. லேப்டாப்புக்கு 4 ஜிபி ராம். என் டீம்மேட் எழுதின சி++ ஃபைல்ல பல ஆயிரம் வரி. கம்பைல் ஆகுற மாதிரி போக்கு காட்டிட்டு, பாதியிலேயே செத்துப்போச்சு. "உன் கோட்லதான்டா தப்பு"ன்னு நான் கத்த, அவன் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயே போயிட்டான். கம்பைலரை அழிச்சு, திரும்ப இன்ஸ்டால் பண்ணேன். ம்ஹூம், அதே எரர்!

உண்மையில தப்பு அவன் மேலயும் இல்ல, கம்பைலர் மேலயும் இல்ல. ராம் தீர்ந்துபோனா, லினக்ஸ் கெர்னல் மெமரியை அதிகமா தின்னுற ப்ராசஸைப் பார்த்து நிறுத்திடும். நம்பலையா? 'டிமெஸ்ஜி' கமாண்ட் அடிங்க, 'அவுட் ஆஃப் மெமரி'ன்னு சாட்சி சொல்லும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரிங்க வரிசைகட்டி நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. யார்டுல இடம் இல்லாதப்போ எட்டு லாரியை ஒண்ணா உள்ளே விட்டா என்னாகும்? 'மேக்' கமாண்டோட 'மைனஸ் ஜே8' சேர்த்து நான் செஞ்ச வேலை அதேதான். எட்டு ஃபைல், ஒரே நேரத்துல!

வைத்தியம் இதோ. முதல்ல 'ஜே1' போடுங்க. பத்தலையா, ஸ்வாப் ஃபைல் சேருங்க. மெதுவா போகும், ஆனா முடியும். ஆப்டிமைசேஷனை 'ஓ2'லேர்ந்து 'ஓ0'வுக்கு இறக்குங்க. கடைசியா, ஃபைலைப் பிரிங்க. டெம்ப்ளேட்டை எத்தனை டைப்புக்குக் கூப்பிடுறீங்களோ, அத்தனை காப்பி உருவாகும். மெமரி அங்கதான் காலி!

பெரிய ஃபைலே பாவம்னு அர்த்தமில்ல. எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் 2 லட்சம் வரிக்கு மேல ஒரே சி ஃபைலா வருது. ஆனா சில டீபக்கர்களுக்கு 32,767 வரியைத் தாண்டினா குழம்பிடும்னு, அவங்களே பிரிச்ச வடிவமும் தர்றாங்க.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. 'கில்ட்'க்கு பதிலா 'செக்மென்டேஷன் ஃபால்ட்'னு வந்தா, அது பெரும்பாலும் கம்பைலரோட சொந்தக் கோளாறு. வேற வெர்ஷன் போட்டுப் பாருங்க.

நாலு மணிக்கு பில்டு முடிஞ்சுது. அஞ்சு மணிக்கு அவன் வீட்டு வாசல்ல நின்னு 'ஸாரி' சொன்னேன். எரர் மெசேஜை முழுசா படிச்சிருந்தா அந்த ஸாரிக்கு வேலையே இருந்திருக்காது!