மெட் பிளெக் ரிம்முக்கு அசிட் அடிக்கச் சொல்லாதீர்கள்

வாகனம் வைத்திருக்கிற நண்பர்களுக்கும், என்னிடம் விஞ்ஞானம் படித்துவிட்டு இப்போது வாகனம் கழுவிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி விட்டது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் புதுக் கார் வாங்க நினைத்தவர்கள் எல்லாரும் பழைய காரையே புதுசாகக் காட்டப் பார்த்தார்கள். அதற்கு ஆகக் குறைந்த செலவு, ரிம் நாலையும் மெட் பிளெக் ஆக்குவது. இப்போது எங்கள் கரையோர ஊர்களில் பள்ளிவாசல் முன்னால் நிற்கிற கார்களைப் பாருங்கள், பாதிக்குக் கறுப்புச் சில்லுத்தான். அழகுதான், நான் குறை சொல்லவில்லை.

ஆனால் ஆறு மாதம் போனதும் அந்தக் கறுப்பில் மண்ணிறப் புள்ளி, வெள்ளைக் கறை, அங்கங்கே எண்ணெய் வழிந்த மாதிரி மினுக்கம். உடனே சேர்விஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஒரே ஒரு வசனம் சொல்கிறோம்: "ரிம்ம நல்லா பளிச்செண்டு எடுத்துத் தாங்க தம்பி."

என்னுடைய பிரச்சினை இந்த வசனத்தோடுதான்.

மெட் என்றாலே பளிச்சிடாதது. அந்தப் பூச்சின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரடுமுரடாக இருக்கிறது. விழுகிற வெளிச்சம் எல்லாத் திசைக்கும் சிதறுவதால்தான் மங்கலாகத் தெரிகிறது. அதைப் பொலிஷ் போட்டுத் தேய்த்தால் மேடுகள் தேய்ந்து சமமாகிவிடும். தேய்த்த இடம் மட்டும் மினுங்கும், மற்ற இடம் மங்கலாகவே கிடக்கும். மினுங்கிய இடத்தை மறுபடி மங்கலாக்க மருந்து கிடையாது, திரும்பப் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும். அந்தப் பொடியனிடம் நாம் கேட்பது, அந்தப் பூச்சு எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு நேர் எதிரானதை.

சரி, அந்த மண்ணிறப் புள்ளி என்ன? அது ரோட்டுச் சேறு இல்லை, இரும்பு. பிரேக் பிடிக்கும்போது பேடும் வார்ப்பிரும்புத் தட்டும் உரசி, சூடான இரும்புத் துகள் பறந்து ரிம்மில் ஒட்டுகிறது. பூச்சுக்குள் பதிந்து, எங்கள் கடற்காற்று உப்பிலும் ஈரத்திலும் துருப்பிடிக்கிறது. கண்டியிலிருந்து மஹியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவு இறங்கி வீட்டுக்கு வந்தவர்கள் முன் சில்லைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், விரல் கறுத்துவிடும். இறக்கத்திலே கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து வந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக இருக்கும். அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அந்த வண்டிகளில் வேகம் குறைக்கிற வேலையில் ஒரு பங்கை மோட்டர் எடுத்துக்கொள்வதால் பேட் தேய்வது குறைகிறது.

இடையில் ஒன்று. முன் சில்லு இரண்டில் ஒன்று மட்டும் மற்றதைவிட மோசமாகக் கறுத்திருந்தால் அதைக் கழுவி மறைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கப் பிரேக் கெலிப்பர் இறுகிப்போய் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். முதலில் கராஜுக்குப் போங்கள்.

இந்த இரும்பைப் போக்கத்தான் அசிட் வருகிறது. லேபல் இல்லாத பிளாஸ்டிக் கேன், அதில் என்ன இருக்கிறது என்று முதலாளிக்கே தெரியாது. ஐதரோகுளோரிக் அமிலமாக இருக்கலாம். அலுமினியத்தின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படை ஒன்று அதைக் காத்துக்கொண்டிருக்கிறது என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். பெயின்டில் சின்னக் கீறல் ஒன்று இருந்தால் போதும், அமிலம் அதற்குள்ளால் போய் அந்தப் படையைக் கரைத்து, அடியிலுள்ள அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். சில கிழமையில் பெயின்ட் கொப்பளித்து எழும்பும். "டூப்ளிகேட் பெயின்ட் சேர்" என்பார்கள். பெயின்டில் பிழை இல்லாமலும் இது நடக்கும்.

ரிம் போனால் போகட்டும், காசோடு முடிந்துவிடும். நான் இதை எழுத உட்கார்ந்தது ரிம்முக்காக இல்லை.

சாதாரண தரம் எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்கக் கூடாதென்று சேர்விஸ் ஸ்டேஷனில் சேர்ந்த பிள்ளை ஒன்றைக் கடைத்தெருவில் கண்டேன். சலாம் சொல்லிக் கையை நீட்டினான், நீட்டிய வேகத்திலேயே இழுத்துக்கொண்டான். விரல் நுனியெல்லாம் வெளுத்து, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது.

"என்ன மனே கைக்கு?"

"ஒண்டுமில்ல சேர். ரிம் கழுவுற மருந்து. ராவைக்குத்தான் கொஞ்சம் கடுக்கும்."

அந்த "ராவைக்குத்தான்" என்ற சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. ரிம் வெளுக்கிற சில மருந்துகளில் ஐதரோபுளோரிக் அமிலமோ அதை உண்டாக்கும் புளோரைட்டு உப்போ இருக்கும். செறிவு குறைந்ததாக இருந்தால் பட்ட நேரத்தில் எரிவுகூடத் தெரியாது. தோலுக்குள்ளால் இறங்கி உடம்பிலுள்ள கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பல மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும், எலும்பு வரைக்கும் போகும். பெரிய அளவில் பட்டால் இதயத்தையே நிறுத்தக்கூடியது. அவனுடைய கேனில் அதுதான் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேனில் லேபல் இல்லை என்பதுதான் என் கேள்வி. பதினாறு வயதுப் பிள்ளை வெறும் கையால் எதைத் தொடுகிறான் என்று அந்த இடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

முதலாளியை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? பத்து நிமிடத்தில் பளிச்செண்டு வேண்டும் என்று நிற்பது நாம்தானே. நேரம் கொடுத்தால் அசிட் இல்லாமலே இந்த வேலை முடியும்.

எப்படி என்று கேட்டால், முதலில் சில்லு ஆறட்டும். ஓடி வந்த சூட்டோடு எதைப் பூசினாலும் காய்ந்து கறையாகிவிடும். தண்ணீர் அடித்து மணலைப் போக்கிவிட்டு, ஒரு வாளியில் கார் ஷாம்பூவும் மெல்லிய பிரஷும் எடுத்து ஒவ்வொரு ரிம்மாகக் கழுவுங்கள். பாதி அழுக்கு இதிலேயே போய்விடும். மிச்சமிருக்கிற இரும்புப் புள்ளிக்கு, அமிலமில்லாத இரும்பு நீக்கி போத்தலில் கிடைக்கிறது. அடித்ததும் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும், பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல பரிசோதனை. வாசம்தான் சகிக்காது, சலூனில் முடி சுருட்டப் போடுகிற மருந்தின் வாசம். உள்ளே இருப்பதும் அந்த வகைச் சேர்வைதான். காய விடாமல் கழுவிவிடுங்கள். ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை அடியுங்கள், பலமாகத் தேய்க்க வேண்டாம். இதற்கும் கையுறை வேண்டும்.

வெள்ளைக் கறை எங்கள் கிணற்றுத் தண்ணீர் விட்டுப் போன சுண்ணாம்பு. வினாகிரியில் சம அளவு தண்ணீர் கலந்து, மறைவான ஒரு இடத்தில் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, துணியால் ஒற்றியெடுத்து உடனே கழுவுங்கள். அதுவும் அமிலம்தான், ஆனால் மென்னமிலம். கழுவியதும் துவாயால் துடைத்தால் அந்தக் கறை திரும்ப வராது. எண்ணெய் மினுக்கம் டயருக்குப் பூசுகிற பொலிஷ் சிதறியது. பாத்திரம் கழுவும் திரவம் போட்டு இரண்டு முறை கழுவினால் பெரும்பாலும் போகும். பெற்றோல் பாவிக்காதீர்கள். சிலர் பெயின்டுக்குப் பதிலாக உரித்தெடுக்கக்கூடிய இறப்பர்ப் பூச்சு அடித்திருப்பார்கள், பெற்றோல் பட்டால் அது கரைந்து கையோடு வந்துவிடும்.

பூச்சே உரிந்திருந்தால் எந்த மருந்தும் உதவாது, திரும்பப் பெயின்ட்தான். அதைச் செய்பவரிடம் ஒன்று சொல்லுங்கள்: நட் வந்து உட்காரும் இடத்திலும், ரிம்மின் பின்பக்கம் ஹப்போடு ஒட்டும் இடத்திலும் பெயின்ட் படக்கூடாது. பட்டால் அது நசுங்கி நட் இளகும். பூட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

என் பிள்ளைகளுக்கு: லேபல் இல்லாத கேனைத் தொட மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. தடித்த இறப்பர்க் கையுறை கேளுங்கள். கையில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் நிறைய நேரம் பிடியுங்கள். பிறகும் கடுத்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கேனையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், ரிம் கழுவும் அமிலம் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். அது புளோரைட்டு வகையானால் சாதாரண எரிகாய மருந்து போதாது, கல்சியம் குளுக்கோனேட் ஜெல் வேண்டும்.

எந்த ஊரில் எந்த சேர்விஸ் ஸ்டேஷனில் கையுறை கொடுத்து, அசிட் இல்லாமல் ரிம் கழுவுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தூரமாக இருந்தாலும் பரவாயில்லை, என்னுடைய காரை அங்கேதான் கொண்டுபோகப் போகிறேன்.