பாட்டி வீட்டுக்குப் போகட்டும் அந்தப் பணம்

எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்களின் நிறுவனர் ஹெர்மன் க்மைனர் மீதான குற்றச்சாட்டுகள் நம்பத்தகுந்தவை என்று அந்த அமைப்பின் ஆஸ்திரியக் கிளையே 2025 அக்டோபரில் அறிவித்தது. 1950களிலிருந்து 1980கள் வரை குறைந்தது எட்டுச் சிறுவர்களை அவர் பாலியல் ரீதியாகவும் உடல்ரீதியாகவும் துன்புறுத்தினார் என்பதே குற்றச்சாட்டு. 2013க்கும் 2023க்கும் இடையிலேயே அவர்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டுவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது, ஊருக்குத் தெரியவில்லை. “ஒருவர் செய்த குற்றத்துக்காக ஒரு நல்ல திட்டத்தைப் பழிக்கலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. பழிக்க வேண்டியது அந்தத் திட்டத்தைத்தான்.

ரஷ்யப் போர்முனையிலிருந்து திரும்பிய க்மைனர், போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக 1949இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் நகரில் முதல் கிராமத்தைத் தொடங்கினார். வீட்டுக்கு ஓர் ‘அம்மா’, உடன்பிறந்தவர்களைப் பிரிக்காத ஏற்பாடு என்று, அன்றைய கொட்டடி அநாதை இல்லங்களைவிட அது எவ்வளவோ மேல். அவர் கத்தோலிக்கர், அமைப்பு எந்தச் சபைக்கும் உரியதல்ல. ஆனால், போர் நடந்த நாடுகளில் கிறிஸ்தவ மிஷன் கிராமம் அமைக்க நன்கொடை திரட்டுபவர்கள் காட்டும் வரைபடம் இதே சாயலில்தான் இருக்கிறது: சுற்றுச்சுவர், நடுவே ஆலயம், வரிசையாக வீடுகள், ஓரத்தில் பள்ளி.

இந்த வரைபடத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதி வைக்க வேண்டும். உலகெங்கும் காப்பகங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள் என்று ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பு 2009இல் சொன்னது. ஐந்தில் நான்கு! அநாதை என்று படம் எடுத்துக் காட்டப்படும் நூறு பிள்ளைகளில் எண்பது பேருக்கு வீட்டில் அம்மாவோ அப்பாவோ இருக்கிறார். மீதி இருபது பேரிலும் பாட்டி, சித்தி, தாய்மாமன் என்று ஒருவரும் இல்லாத பிள்ளை எத்தனை? பிள்ளையை அங்கே சேர்ப்பது சாவு அல்ல, வறுமை. வறுமைக்கு மருந்து பணம். அதற்குச் சுற்றுச்சுவர் எதற்கு?

தொலைவில் தேட வேண்டியதில்லை. பத்தாண்டுக்கு முன் திருச்சியில் ஒரு கிறிஸ்தவக் காப்பகத்தில் 89 சிறுமிகள் இருந்த வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. மரபணுச் சோதனை நடந்தது. சிலரின் பெற்றோர் உசிலம்பட்டிப் பக்கம் உயிருடன் இருந்தார்கள்.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டம் இந்த உண்மையைப் புரிந்துகொண்டிருக்கிறது. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். திசை சரி, தொகை போதாது. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’வில் இத்தகைய உதவி 4,000 ரூபாய். ஆண்டுக்கு 48,000 ரூபாய் ஒரு பாட்டியின் கைக்கு வந்தால், பேரனை விடுதி வாசலில் விட்டுவர அவர் எதற்காகப் பேருந்து ஏறப்போகிறார்?

“போரில் குடும்பமே அழிந்த பிள்ளைக்கு உறவினர் ஏது?” என்பது மிஷன்காரர்களின் கடைசி வாதம். தேடிப் பார்க்காதவர்களின் வாதம் இது. பெரம்பலூர் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே கேட்டால், போரில் பெற்றோரை இழந்த பிள்ளையை அம்மம்மாவும் மாமாவும் வளர்த்த கதையைச் சொல்வார்கள்.

கிறிஸ்தவ மரபிலேயே இதைவிட நல்ல முன்மாதிரி இருக்கிறது. ரெட்டிபாளையத்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைத் தாண்டிக் கொள்ளிடக் கரைக்குப் போனால் ஏலாக்குறிச்சி வரும். தஞ்சை அரசில் துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஆற்றைக் கடந்து அடைக்கலம் தேடிய பகுதி அது. வீரமாமுனிவர் அங்கே அடைக்கல மாதா கோயில் எழுப்பினார். அரியலூர் மழவராயர் நிலம் கொடுத்தார். வந்தவர்கள் குடும்பமாக வந்தார்கள், உழுதார்கள், ஊரானார்கள். நெல்லைச் சீமையில் 1799இல் உருவான முதலூரும் அப்படித்தான். துரத்தப்பட்டவர்களுக்கு மிஷன் அங்கே நிலத்தைக் கொடுத்தது. பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து எடுக்கவில்லை.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், காப்பகம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. அதை அப்படியே நடைமுறைப்படுத்தினால் போதும். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் மட்டுமல்ல, மாநிலம் எங்கும் எந்த மதத்தின் பெயரிலும் புதிய குழந்தைகள் வளாகத்துக்கு அரசு அனுமதி தரக் கூடாது. இருக்கும் காப்பகங்கள் ஒவ்வொரு பிள்ளையின் உறவினரையும் மூன்று ஆண்டுக்குள் கண்டுபிடித்துக் குழந்தைகள் நலக் குழுவிடம் பட்டியல் தர வேண்டும். தராத காப்பகத்தின் பதிவை ரத்து செய்ய வேண்டும். ‘அன்புக்கரங்கள்’ உதவி அடுத்த பட்ஜெட்டிலேயே 4,000 ரூபாய் ஆக வேண்டும்.