கால்சட்டைப் பையும் சந்தான பாக்கியமும்

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில் 'ஆண்மை' என்றால் வீரம் என்றுதான் முதலில் பொருள் கொள்வார்கள். 1801-ல் கும்பெனிப் பட்டாளம் மண்ணோடு மண்ணாக்கிய கோட்டையின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இயல்பே. ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அந்தப் பொருளில் பேச நேர்ந்தால் வீரர்கள் அத்தனை பேரும் வாய் மூடி மௌனியாகி விடுகிறார்கள். பாஷையிலேயே பாருங்கள்: 'மலடி' தெருவெல்லாம் அடிபடுகிறது, 'மலடன்' அகராதிக்குள் தூங்குகிறான்.

இப்போது ஒரு புதிய சாக்கு அகப்பட்டிருக்கிறது. கலியாணமாகி மூன்று வருஷம் தொட்டில் கட்டவில்லையென்றால், "எல்லாம் இந்தச் செல்போன் கதிர்வீச்சு செய்கிற வேலை, ஸார்!" என்கிறார்கள். பௌதிகம் கற்பிக்கிறவன் என்பதனால் என்னிடம் கேட்கிறார்கள்.

செல்போன் விடுவது ரேடியோ அலை. எக்ஸ்-ரேயைப் போல் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி எறியும் சக்தி அதற்கில்லை. சதையைச் சிறிது சூடாக்கும். உடம்பின் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாயிருந்தால்தான் விரைகளில் உயிரணு செவ்வையாக உற்பத்தியாகும். ஆகவே, சந்தேகம் பிறந்ததில் தவறில்லை.

ஸ்விட்ஜர்லாந்தில் 2005 முதல் 2018 வரை ராணுவத் தேர்வுக்கு வந்த வாலிபர்களில் 2,886 பேரைப் பரிசோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் செல்போனைத் தொடாதவர்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் சுமார் 5 கோடியே 65 லட்சம் உயிரணு. நாளைக்கு இருபது தடவைக்கு மேல் எடுப்பவர்களுக்கு 4 கோடியே 45 லட்சம். குறைவுதான். ஆனால் உலக சுகாதார ஸ்தாபனம் கீழ்வரம்பாக வைத்திருப்பது 1 கோடியே 60 லட்சம். மேலும், அந்த வித்தியாசம் முதல் சில வருஷங்களில்தான் பெரிதாகத் தெரிந்தது. புதிய தலைமுறைச் சாதனங்கள் வர வரத் தேய்ந்துவிட்டது. கால்சட்டைப் பையில் வைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே காணவில்லை! ஓயாமல் செல்போன் பேசுகிறவரின் தூக்கமும் பழக்கவழக்கங்களும் வேறாக இருக்கலாமல்லவா?

கோபுரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2012-ல் நம் சர்க்கார் கோபுரங்களின் அலைக்குச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கையே அனுமதித்தது. கோபுரம் தொலைவிலிருந்தால், கையிலிருக்கும் கருவிதான் அதிக சக்தியுடன் கூவ வேண்டியிருக்கும். கரிசல் காட்டின் நடுவே ஒற்றைக் கோடு சிக்னலில் பேசுகிறவர், பட்டணத்தில் கோபுரத்தடியில் பேசுகிறவரைவிட அதிக அலையை வாங்கிக்கொள்கிறார்.

என்னைக் கேட்டால், பருத்திக்கும் மிளகாய்க்கும் முகத்தை மூடாமல் மருந்து தெளிக்கிறோமே, அதைப்பற்றி முதலில் கவலைப்படுவேன். 1977-ல் கலிபோர்னியாவில் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் ஆட்கள், தங்களில் பலருக்கும் குழந்தை பிறக்கவில்லையே என்று பேசிக்கொண்டார்கள். பரிசோதித்ததில் பலருக்கு உயிரணுவே இல்லை. அந்த மருந்தை அமெரிக்கா பின்னர் தடை செய்தது. நாமோ தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, வாயில் பீடியுடன், பையிலுள்ள செல்போனைச் சந்தேகிக்கிறோம்.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் புருஷனின் பங்கும் இருக்கிறது. ஆனாலும் கோவில் கோவிலாகச் சுற்றுவதும், மண்சோறு உண்பதும், ஊசிக்குக் கை நீட்டுவதும், மாமியாரின் சொல்லம்பைத் தாங்குவதும் மருமகள்தான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அவளுக்கு ஆன பிறகே, "மாப்பிள்ளையையும் ஒரு தரம்..." என்று யாராவது தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறார்கள். இத்தனைக்கும் அவருக்குரிய முதற் பரிசோதனையில் கத்தியுமில்லை, ஊசியுமில்லை, செலவும் சொற்பம். இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து, ஒரு சிறு குப்பியில் விந்தைக் கொடுத்தால் போதும்.

செல்போன் பயம் ஓர் ஆண்மகனை அந்தக் குப்பி வரை கொண்டு சேர்க்குமானால் எனக்கு ஆட்சேபமில்லை. முதல் கணக்குக் குறைந்தால் கலங்கவும் வேண்டாம். ஓர் உயிரணு உருவாகி முடிய இரண்டரை மாதம் பிடிக்கிறது. ஆகையால் பீடியை விட்டு, வைத்தியர் சொற்படி நடந்து, மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம் பார்க்கலாம். புருஷனுடைய முதல் சீட்டு வரும்வரை, அந்தப் பெண்ணுக்கு ஸ்கேனுக்கும் ஊசிக்கும் நாள் குறிக்க வேண்டாம்.